ஆசிரியரின் கற்றல்: கட்டளையும் தவமும்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் இயக்குநரகங்களிலிருந்தும் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகங்களிலிருந்தும் பள்ளிகளுக்கு வந்து சேரும் அலுவல் கடிதங்கள் 'செயல்முறைகள்' என்று வழங்கப்படுகின்றன. ந.க. எண், நாள், பொருள், பார்வை என்ற வரிசையில் தொடங்கும் அந்தக் கடிதங்களுள் ஆசிரியரின் வாழ்வை நேராகத் தொடுபவை இரண்டு வகைப்படும். முதல் வகை பணியாளரின் நிலையைப் பற்றியது. நியமனம், பதவி உயர்வு, பொது மாறுதல் கலந்தாய்வு, உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்கு அனுப்பும் பணி நிரவல், பணி நிறைவு ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் வகை பணியாளர் இனிக் கற்க வேண்டியதைப் பற்றியது. வட்டார வள மையத்தில் நடக்கும் பணியிடைப் பயிற்சி, குறுவள மையக் கூட்டம், இணையவழிப் பயிற்சி, உயர்கல்வி பயில்வதற்கான முன் அனுமதி ஆகியவை இதில் வரும். இரு வகைக் கடிதங்களும் ஒரே நடையில் எழுதப்படுகின்றன. இன்ன நாளில் இன்ன பள்ளியில் பணியில் சேர வேண்டும் என்று சொல்லும் அதே குரலே, இன்ன நாளில் இன்ன மையத்தில் பயிற்சிக்கு வர வேண்டும் என்றும் சொல்கிறது. பணியில் சேருமாறு ஆணையிட முடியும் என்பதில் ஐயமில்லை. கற்குமாறு ஆணையிட முடியுமா என்பது அவ்வளவு எளிதில் முடிவாகும் செய்தியன்று. நிருவாகத்தின் சிக்கலாகத் தோன்றும் இக்கேள்வியைச் சமயங்களும் மெய்யியலும் நெடுங்காலமாகத் தம்முடையதாகக் கொண்டு ஆராய்ந்து வந்துள்ளன.

ஆணைக்குக் கட்டுப்படும் செயல்கள் என்றும் கட்டுப்படாத செயல்கள் என்றும் மனிதச் செயல்களைப் பிரித்துப் பார்ப்பது இங்கு உதவும். வருதல், அமர்தல், கையொப்பமிடுதல், படிவத்தை நிரப்புதல் ஆகியவை முதல் வகையின. ஒருவர் விரும்பாமலேயே இவற்றைச் செய்துவிடலாம், செய்ததும் அவை நிறைவடைந்துவிடும். வியத்தல், ஐயுறுதல், தன் முந்தைய கருத்தைத் திருத்திக்கொள்ளுதல் ஆகியவை இரண்டாம் வகையின. விருப்பமின்றி இவை நிகழ்வதே இல்லை. கற்றல் என்று பொதுவாகச் சுட்டப்படுவது இவ்விரண்டும் கலந்த ஒன்றாக இருப்பதால்தான் குழப்பம் நேர்கிறது. பயிற்சிக்கு வரச் சொல்லும் கடிதம் முதல் வகையை மட்டுமே கைக்கொள்ள வல்லது. ஆனால் அக்கடிதம் நாடும் பயன் முழுவதும் இரண்டாம் வகையில் இருக்கிறது.

இவ்விடர்ப்பாட்டைப் பழைய நூல்கள் அறிந்திருந்தன. தைத்திரீய உபநிடதத்தின் சீட்சாவல்லி என்னும் முதற்பகுதியில், மனிதன் மேற்கொள்ள வேண்டிய ஒழுக்கங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படும் இடம் ஒன்று உண்டு. நேர்மை, வாய்மை, தவம், புலனடக்கம், வேள்வி, விருந்தோம்பல், மக்களை வளர்த்தல் என்று வரிசை நீளும்போது, ஒவ்வொன்றோடும் 'சுவாத்தியாயம்', 'பிரவசனம்' என்னும் இரண்டும் தவறாமல் இணைக்கப்படுகின்றன. சுவாத்தியாயம் என்பது தானே ஓதிக் கற்றல். பிரவசனம் என்பது பிறர்க்கு எடுத்துரைத்தல். விருந்தினரைப் பேணும்போதும் இவ்விரண்டும் நிற்கக்கூடாது, குடும்பத்தைக் காக்கும்போதும் நிற்கக்கூடாது என்பது அதன் கருத்து. அப்பகுதியின் இறுதியில் மூன்று முனிவர்களின் முடிபுகள் தரப்படுகின்றன. ஒருவர் வாய்மையே தலையாயது என்கிறார், இன்னொருவர் தவமே என்கிறார், மூன்றாமவராகிய நாக மௌத்கல்யர் கற்றலும் கற்பித்தலுமே போதும், அவையே தவம் என்கிறார். முதலிருவரின் முடிபுகள் எதிர்பார்க்கத் தக்கவை. மூன்றாமவர் சொல்வதில்தான் புதுமை இருக்கிறது. காட்டுக்குப் போகாமலும் உடலை வருத்தாமலும், ஓதும் தொழிலையும் ஓதுவிக்கும் தொழிலையும் விடாது செய்பவரைத் தவசி என்று அவர் ஏற்றுக்கொள்கிறார்.

அதே வல்லியில், கல்வி முடித்து இல்லம் திரும்பும் மாணவனுக்கு ஆசிரியர் கூறும் அறிவுரையிலும் இவ்விரண்டையும் கைவிடாதே என்ற ஏவல் இடம்பெறுகிறது. கல்வி முடிந்தது என்று எண்ணக்கூடிய நாளில் அது சொல்லப்படுகிறது என்பது கருதத்தக்கது. இங்கும் இருப்பது கட்டளையே. ஆனால் அந்தக் கட்டளையை இட்டவர் பின்தொடர்ந்து சென்று பார்ப்பதில்லை, கணக்குக் கேட்பதில்லை; நிறைவேற்றும் பொறுப்பு முழுவதும் கேட்டவன் மீது விடப்படுகிறது. கட்டளை என்பதாலேயே ஒன்று தவமாகாது என்று சொல்லிவிட முடியாது என்பதை இது காட்டுகிறது. ஏற்பவர் அதைத் தமதாக்கிக்கொள்ள இடம் இருக்கிறதா என்பதே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

சமண மெய்யியல் இதனை இன்னும் கூர்மையாகப் பிரித்துக் காட்டுகிறது. உமாசுவாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம் தவத்தைப் புறத்தவம் ஆறு, அகத்தவம் ஆறு என்று பன்னிரண்டாக வகுக்கிறது. உண்ணாநோன்பு, குறைத்துண்ணல், சுவை துறத்தல், உடலை வருத்தல் முதலியன புறத்தவம். அவை பிறர் கண்ணுக்குப் புலப்படுபவை. கழுவாய், பணிவு, தொண்டு, தியானம் முதலியவற்றோடு சுவாத்தியாயம் அகத்தவத்தில் வைக்கப்படுகிறது. அது செய்பவருக்கு மட்டுமே உள்ளபடி தெரியும். அந்தச் சுவாத்தியாயமும் ஐந்து உறுப்புகளை உடையது: பாடங்கேட்டலும் சொல்லலும், வினவுதல், கேட்டதை உள்ளத்தில் மீளமீள எண்ணுதல், பிழையின்றி ஓதிப் பழகுதல், பிறர்க்கு அறம் உரைத்தல். கற்பித்தல் என்பது கற்றலின் ஐந்தாம் உறுப்பாகவே இங்கு வைக்கப்படுகிறது. கற்றல் முடிந்தபின் தொடங்கும் வேறொரு தொழிலாக அது கருதப்படவில்லை. இந்தப் பாகுபாட்டைக் கொண்டு பார்த்தால், பயிற்சி மையத்தின் வருகைப் பதிவேடு புறத்தவத்தை மட்டுமே பதியக்கூடிய ஏடு என்பது விளங்கும். அது அதன் குற்றமன்று. எந்த ஏடும் அதற்கு மேல் பதிய இயலாது. அந்த ஏட்டில் உள்ளதையே கற்றலின் அளவாகக் கொள்ளும்போதுதான் குற்றம் நேர்கிறது.

தமிழ் இலக்கண மரபில் இச்சிந்தனை மிகத் துல்லியமான வடிவம் பெறுவது நன்னூலில். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் கங்கர் குலத் தலைவனான சீயகங்கன் வேண்ட, சமண முனிவரான பவணந்தி அதனை இயற்றினார். அதன் பொதுப்பாயிரம் நல்லாசிரியர் இலக்கணம், ஆசிரியர் ஆகாதவர் இலக்கணம், பாடம் சொல்லும் முறை, மாணாக்கர் இலக்கணம், பாடம் கேட்கும் முறை ஆகியவற்றைத் தொகுத்துச் சொல்கிறது. இவற்றுள் பல கருத்துகள் பவணந்திக்கு முன்பே உரையாசிரியர்களிடையே வழங்கியவை. பாடம் கேட்டலின் வரலாற்றைச் சொல்லுமிடத்தில் அந்நூல் ஒரு கணக்கைத் தருகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செவ்வையாக ஏற்றுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது புலமையின் காற்பங்கே. உடன் கற்போரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும்.

இதனை வடமொழியில் வழங்கும் ஒரு பழஞ்செய்யுளின் கணக்கோடு ஒப்பிடலாம். அங்கு அறிவு நான்கு சமபங்காகப் பிரிக்கப்படுகிறது: ஆசிரியரிடமிருந்து கால், தன் நுண்ணறிவால் கால், உடன் பயில்வோரால் கால், காலம் செல்லச் செல்ல ஒரு கால். அதில் கற்பித்தலுக்குத் தனிப் பங்கு இல்லை. நன்னூல் தன் நுண்ணறிவையும் காலத்தையும் தனியே எண்ணவில்லை. அவற்றுக்கு உரிய இடம் முழுவதையும் கற்பித்தலுக்குக் கொடுத்துவிடுகிறது என்று கொள்ள இடமுண்டு. யூதர்களின் தால்முத் தொகுப்பில் இரப்பி அனினா என்பவர், ஆசிரியர்களிடம் மிகுதியாகவும் உடன்கற்றோரிடம் அதனினும் மிகுதியாகவும் மாணவர்களிடம் எல்லாரினும் மிகுதியாகவும் தாம் கற்றதாகக் கூறுகிறார். ஒன்றையொன்று அறியாத நன்னூல் மரபும் தால்முத் மரபும் கற்பித்தலுக்கே மிகுந்த பங்கைத் தரும் ஒரே முடிவில் வந்து நிற்பது தற்செயல் என்று தள்ளிவிடக் கூடியதன்று. எழுத்தைவிடக் குரலை நம்பி, தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொன்ன சமூகங்கள் இரண்டும் பட்டறிவால் கண்டுகொண்ட உண்மை அது.

நன்னூலின் கணக்கு உண்மையென்றால், அரசின் கல்வித் துறை ஆசிரியரின் கற்றலுக்காகச் செய்யும் ஏற்பாடுகளைப் புதிய கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி ஆணையம், ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்தாண்டுப் பணிக்கு ஒருமுறை இரண்டு அல்லது மூன்று மாதக் கல்வி பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் விளைவாக மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. இன்று மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பாடப்பொருளை உருவாக்க, மாநில அளவில் பயிற்சி பெற்ற முதன்மைக் கருத்தாளர்கள் மாவட்டத்துக்கும், அங்குப் பயின்றவர்கள் வட்டாரத்துக்கும் அதனைக் கொண்டு செல்கிறார்கள். கருத்தாளர் என்பது பயிற்சியளிப்பவருக்குத் துறையில் வழங்கும் பெயர். இவ்வடுக்கு முறை பெருந்தொகையான ஆசிரியர்களைக் குறுகிய காலத்தில் சென்றடைவதற்கு ஏற்றது. ஆனால் அதில் கடைசிப் படியில் இருப்பவர் பெறுவது, மூன்று வாய் கடந்து வந்த பாடத்தை ஒருமுறை கேட்டல் மட்டுமே. ஒரு நூலை இருமுறை கேட்டால்தான் பிழை நீங்கும், மும்முறை கேட்டால்தான் முறையறிந்து உரைக்க வரும் என்று நன்னூல் கருதுகிறது. மிகச் சிறந்த கருத்தாளர், மிகச் சிறந்த பாடப்பொருள், மிக ஊன்றிய கவனம் என்று எல்லாம் அமைந்தாலும் அப்பயிற்சியால் கிடைக்கக்கூடியது காற்பங்கு என்பதை நினைவில் வைத்தால், பயிற்சிகள் பயனற்றவை என்ற பொதுவான மனக்குறையும் சற்று நியாயமற்றதாகத் தோன்றும். தர இயலாத முக்காற்பங்கை அவற்றிடம் எதிர்பார்ப்பதால்தான் அக்குறை எழுகிறது.

அரைப்பங்கு எங்கே நிகழ்கிறது என்பதை ஒரு சிறு கணக்கைக் கொண்டு பார்க்கலாம். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம், தொடக்க வகுப்புக் குழந்தைகளை அவர்கள் அடைந்துள்ள நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறது. அத்தகைய வகுப்பொன்றில் ஒரு குழந்தை 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்று விடை எழுதுவதாகக் கொள்ளலாம். சரியான விடை 25. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொண்டு கடன் வாங்கிக் கழிக்கும் முறையைக் காட்டுக என்று பயிற்சியில் சொல்லப்பட்டிருக்கும். ஆசிரியர் கையேட்டிலும் அது இருக்கும். ஆனால் அந்த 35 எங்கிருந்து வந்தது? ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து, நான்கிலிருந்து ஒன்றைக் கழித்து மூன்று. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முன்னொரு நாள் அதே வகுப்பில் கேட்ட விதியை அக்குழந்தை உண்மையாகவே கடைப்பிடித்திருக்கிறது. பிழை கவனக் குறைவால் வரவில்லை, கீழ்ப்படிதலால் வந்தது. "எப்படிப் போட்டாய், சொல்" என்று கேட்டு, குழந்தையின் வாயால் இதை அறிந்த ஆசிரியர், கழித்தலைப் பற்றி மட்டுமன்றி, விதி ஒன்றை எல்லை சொல்லாமல் கற்பிப்பதன் விளைவைப் பற்றியும் கற்றுவிடுகிறார். இந்த அறிவு எந்தப் பயிற்சிக் கட்டகத்திலும் முன்னரே எழுதப்பட்டிருக்கலாம். ஆயினும் அதைப் படித்தவர் பெறுவதும், அந்தக் குழந்தையின் எதிரே அமர்ந்து பெறுவதும் ஒன்றல்ல. சமண நூல் கூறும் வினவுதல், மீள எண்ணுதல், உரைத்தல் மூன்றும் அந்தச் சில நிமிடங்களில் ஒருங்கே நிகழ்ந்துவிடுகின்றன. துறையின் எந்த ஏட்டிலும் அது பயிற்சி நேரமாக ஏறுவதில்லை.

உடன் கற்போரால் வரும் காற்பங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பல ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். அங்குப் பணியாற்றுபவருக்கு ஒத்த தொழிலர் என்று நாள்தோறும் கிடைப்பவர் ஒருவரே. மாறுதல் கலந்தாய்வில் அவ்வொருவரும் வேறிடம் சென்றுவிட்டால், பல ஆண்டுகளாக இருவருக்கிடையே வளர்ந்த உரையாடல் ஒரு நாளில் முடிந்துவிடும். அண்டைப் பள்ளிகள் சிலவற்றைச் சேர்த்து அமைக்கப்பட்ட குறுவள மையத்தின் கூட்டம் அத்தகையோருக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை நகரத்துப் பெரிய பள்ளியில் இருப்பவர் எளிதில் உணர மாட்டார். அந்நாளில் திட்டமிட்ட பாடப்பொருளைவிட, தேநீர் இடைவேளையில் ஒருவர் மற்றொருவரிடம் தன் வகுப்பைப் பற்றிக் கேட்டறிவது மிகுந்த பயன் தருவதுண்டு. பணியாளர் செய்தியும் கற்றல் வாய்ப்பும் இருவேறு கோப்புகளாகப் பிரிந்து கிடப்பதன் கேடு இங்கே வெளிப்படுகிறது: ஒருவரது மாறுதல் ஆணை என்பது மற்றொருவரது கற்றலில் காற்பங்கைத் தொடுகிறது என்பதை இரண்டு கோப்புகளுள் எதுவும் கண்டுகொள்வதில்லை.

இங்கே அறம் சார்ந்த வேறொரு கேள்வியும் எழுகிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குச் செல்லும் நாளில் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் தனியே ஏற்க வேண்டியிருக்கிறது. ஆசிரியரின் கற்றலுக்கான விலையை அந்நாளில் கொடுப்பவர்கள் குழந்தைகள். தவத்தின் வருத்தத்தைத் தவம் செய்பவர் ஏற்பதுதான் எல்லா மரபுகளிலும் முறை. பிறருக்கு வருத்தம் விளைவித்துச் செய்யும் தவத்தைத் திருவள்ளுவர் தவமென ஏற்கவில்லை என்பது தவம் பற்றிய அவரது அதிகாரத்தின் தொடக்கத்திலேயே தெளிவாகிறது. ஆகவே பயிற்சி நாளுக்கு மாற்று ஆசிரியர் ஏற்பாடு செய்வது வெறும் வசதி பற்றிய செய்தியன்று. அப்பயிற்சி அறவழியில் அமைகிறதா என்பதையே அது முடிவு செய்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தின் வலிமையான வாதத்தையும் முழுமையாக எதிர்கொள்ள வேண்டும். கற்றல் அகத்தவம், ஆகவே எவரும் அதனைக் கட்டாயப்படுத்தலாகாது என்று ஒரு துறவியைப் பற்றிச் சொல்லலாம். அவர் கற்காவிட்டால் இழப்பு அவருக்கே. ஆசிரியர் கற்காமல் விட்டால் இழப்பு அவருக்கு வருவதில்லை, அவர் முன் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு வருகிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கும் அரசியலமைப்பின் 21அ பிரிவும், அதனைச் செயலுக்குக் கொண்டுவந்த 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் அக்குழந்தையின் பக்கம் நின்று பேசுகின்றன. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்வாதத்தை அதன் எல்லை வரை கொண்டு சென்றது. அச்சட்டத்துக்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களுள், பணி நிறைவுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டாண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்றும், ஐந்தாண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர்கள் தேர்ச்சியின்றியே பணியில் தொடரலாம், பதவி உயர்வு வேண்டின் தேர்ச்சி வேண்டும் என்றும் அது கூறியது.

குழந்தையின் உரிமை முதன்மையானது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அந்த உரிமையை ஒரு தேர்வு எவ்வளவு காக்கும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எழுத்துத் தேர்வு அளக்கக்கூடியது, நூலிலிருந்தும் ஆசிரியரிடமிருந்தும் பெற்ற காற்பங்கை. அதனை அது ஓரளவு நேர்மையாகவே அளக்கிறது. பணியில் புதிதாகச் சேர்பவரிடம் இருக்கக்கூடியது அந்தக் காற்பங்கே ஆதலால், அவருக்கு அத்தேர்வு பொருந்தும். இருபதாண்டு வகுப்பறையில் நின்றவரிடம் அரைப்பங்கும் உடன் இருந்திருக்கலாம், அல்லது ஆண்டுதோறும் அதே பாடத்தை அதே சொற்களால் ஒப்பித்ததால் அது இல்லாமலும் போயிருக்கலாம். இவ்விருவரையும் பிரித்தறிவதற்கே ஓர் அளவுகோல் தேவை. தகுதித் தேர்வு அதற்கென அமைந்த கருவியன்று. 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்று எழுதிய குழந்தையின் சிலேட்டைக் காட்டி, இந்தக் குழந்தை என்ன நினைத்திருக்கும் என்று கேட்டு, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் ஒருவர் அதற்கு வேண்டும். அது செலவு மிகுந்தது, நேரம் வேண்டுவது, எண்ணிக்கையில் சுருக்க முடியாதது. ஆயினும் குழந்தையின் பெயரால் ஆசிரியரிடம் கற்றலைக் கோரும் அரசு, அதே குழந்தையின் பெயரால் அச்செலவையும் ஏற்கக் கடமைப்பட்டது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில் மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என்றும், அது அவரவர் ஆர்வத்தின் வழிச் செல்ல வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறது. தமிழ்நாடு அக்கொள்கையை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் தனக்கெனக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. எனினும் அந்த வாசகத்தில் இரண்டு நேர்மையான எண்ணங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதைக் காணலாம். 50 என்ற எண் புறத்தவத்தின் மொழி, ஆர்வம் என்பது அகத்தவத்தின் மொழி. இரண்டையும் ஒருங்கே வைப்பது தவறன்று. நேரத்தை ஒதுக்கித் தரும் கடமையை எண்ணால் சொல்லி, அந்நேரத்தில் எதைக் கற்பது என்பதை ஆசிரியரிடம் விட்டுவிட்டால் இவ்விரண்டும் இசைந்துவிடும். நடைமுறையில் எண் ஆசிரியரின் கடமையாகவும், பொருள் அலுவலகத்தின் தேர்வாகவும் இடம் மாறிவிடுவதுதான் வருந்தத்தக்கது.

மூத்தவர் இளையவரிடம் கற்பதில் உள்ள தயக்கம் இதன் இன்னொரு முகம். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தையோ புதிய மதிப்பீட்டுச் செயலியையோ பற்றிய பயிற்சியில் கருத்தாளராக நிற்பவர் பணியில் இளையவராகவும், கேட்போர் பணிமூப்புடையவர்களாகவும் இருப்பது இன்று இயல்பு. பணிமூப்புப் பட்டியலின் வரிசையும் அறிவின் வரிசையும் ஒன்றல்ல என்பதைத் தமிழ்ச் சைவ மரபு தன் கோயில் ஒன்றிலேயே நிறுவி வைத்திருக்கிறது. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலை, தந்தையாகிய சிவபெருமான் மைந்தனாகிய முருகனிடம் பிரணவத்தின் பொருளைக் கேட்டறிந்த தலமாக வணங்கப்படுகிறது. அனைத்தும் அறிந்தவனுக்குக் கற்க வேண்டியது ஏதுமில்லை. கற்கும்போது அமர வேண்டிய முறையை உலகுக்குக் காட்டவே அவன் அவ்வாறு செய்தான் என்பது மரபான விளக்கம். அந்த விளக்கத்தின் உட்பொருள் ஆழமானது. கற்பவரின் இடம் தாழ்ந்ததாக இருக்குமானால் இறைவன் அதில் அமர்ந்ததாகச் சொல்ல பக்தி துணிந்திருக்காது.

கற்றலுக்குப் பரிசு தருவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பணியில் இருந்துகொண்டே உயர்கல்வித் தகுதி பெறும் ஆசிரியர்களுக்குத் தமிழ்நாட்டில் நெடுங்காலம் ஊக்க ஊதிய உயர்வு வழங்கப்பட்டுவந்தது. 2020 மார்ச்சில் அது நிறுத்தப்பட்டு, பின்னர் ஒருமுறை வழங்கும் தொகையாக மாற்றப்பட்டது. பயன் கருதாது செய்யும் செயலே உயர்ந்தது என்ற கீதையின் கோட்பாட்டைக் காட்டி, அறிவுக்கு அறிவே பரிசு, ஊதியம் எதற்கு என்று கேட்பது எளிது. ஆனால் அக்கோட்பாடு செயல் புரிபவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் ஒழுக்கம். கொடுக்க வேண்டியவர் கொடாமலிருப்பதற்குச் சொல்லும் காரணமாக அதனைக் கொள்ள முடியாது. தொலைநிலைக் கல்விக்குத் தம் ஊதியத்திலிருந்து கட்டணம் செலுத்தி, விடுமுறை நாள்களைத் தேர்வுக்கெனச் செலவிட்டு, அந்த அறிவை அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கே கொண்டுவருபவரை மதிப்பது நன்றியின் பாற்பட்டது.

பணியாளர் செய்திகளுள் கடைசியாக வருவது பணி நிறைவு. தமிழ்நாட்டில் ஓய்வு பெறும் வயது 2020இல் 58இலிருந்து 59ஆகவும் 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. கல்வியாண்டின் நடுவே அவ்வயதை எட்டும் ஆசிரியர்களுக்கு, குழந்தைகளின் படிப்பு இடையில் முறியாதிருக்க, ஆண்டின் இறுதிவரை மறுநியமனம் வழங்கும் நல்ல வழக்கமும் உண்டு. முப்பது ஆண்டுகள் ஒரு வட்டாரத்தின் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னவரிடம், அவ்வூர்க் குழந்தைகள் எந்த எழுத்தில் தடுமாறுவார்கள், எந்தக் கணக்கில் எப்படிப் பிழை செய்வார்கள், எந்த வீட்டுச் சூழல் எந்த மாதத்தில் எவரைப் பள்ளியிலிருந்து இழுக்கும் என்ற அறிவு நிறைந்திருக்கிறது. பாராட்டு விழாவில் போர்த்தும் பொன்னாடையோடு அது பள்ளியைவிட்டு வெளியேறிவிடுகிறது. மறுநியமன மாதங்களில் குறுவள மையத்தின் இளைய ஆசிரியர்கள் இருவர் மூவர் முறைவைத்து அவர் வகுப்பில் வந்து அமர்ந்து, பின்னர் அவரை வினவி, அவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஏற்பாடு செய்வதற்குப் புதிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை. மறுநியமன ஆணையைத் தயாரிக்கும் பிரிவும் பயிற்சி நாள்காட்டியைத் தயாரிக்கும் பிரிவும் ஒருமுறை கூடிப் பேசினால் போதும். அந்த இளைய ஆசிரியர்கள் பெறுவது உடன் கற்போரால் வரும் காற்பங்கு. தம் அறிவை அவர்களுக்கு விரித்துரைக்கும்போது, இத்தனை ஆண்டுகள் குழந்தைகளுக்கு மட்டுமே பாடம் சொல்லிவந்த அந்த மூத்த ஆசிரியர், தாம் செய்துவந்தவற்றின் காரணத்தைத் தம் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு முதன்முறையாக எடுத்துச் சொல்ல நேர்ந்து, தாமும் அதைப் புதிதாகக் கற்பார்.